காலியாகத் திரும்பும் வண்டி

மார்ச் 4

தம்பிக்கு,

இனிமேல் உன்னோடு போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம்தான், ஆனால் ஒரு நாள் ஆறப்போட்ட கோபம்.

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, உன் அத்தானைப் பற்றி டாக்டர் சொன்னதை உன்னிடம் சொல்ல ஆரம்பித்தேன். "இதயத்துல வால்வு" என்று வாயெடுத்ததும், "அக்கா, ஒரு நிமிஷம், கிளையண்ட் கூப்பிடுறாங்க" என்று போய்விட்டாய். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கை கழுவுவது எப்படி என்று சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாப் படத்தையும் படித்து முடித்த பிறகுதான் வந்தாய். வந்து, "சொல்லுக்கா, எங்க விட்டோம்?" என்றாய். விட்டுப்போனது நீ. நான் அங்கேயேதான் நின்றேன்.

அதனால்தான் கடிதம். நடுவில் யாரும் உன்னைக் கூப்பிட்டு இதை நிறுத்த முடியாது பார். தேதி, நேரம் மாதிரி அவசரம் என்றால் மெசேஜில் இரண்டு வரி அனுப்பு, நானும் அனுப்புகிறேன். மற்றதெல்லாம் காகிதத்தில்தான். கூரியர் கடை ஆஸ்பத்திரி வாசலிலேயே இருக்கிறது. உனக்கு இந்த வயது வரை கல்யாணம் ஆகாததற்கும் அந்த போன்தான் காரணம் என்று நான் சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

நேற்று சொல்ல வந்தது இதுதான். அவருடைய இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. மாற்றியே ஆகவேண்டும். இங்கே அதற்கு வசதி இல்லை. உன் ஊரில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜனிடம் எங்கள் டாக்டரே பேசியிருக்கிறார். மாதக் கடைசிக்குள் கொண்டுவந்தால் உடனே செய்கிறேன் என்று அவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். கொண்டுவருவதுதான் முடியாத காரியமாக இருக்கிறது. தலையை உயர்த்திப் படுக்கவைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருக்கிறார். மலைப்பாதையில் அத்தனை தூரம் ஆம்புலன்ஸில் குலுங்கினால் தாங்க மாட்டார் என்கிறார் டாக்டர். சாதாரண விமானத்தில் இந்த நிலையில் ஏற்றமாட்டார்கள். அந்த விமான நிலையமும் மலைக்கு அந்தப் பக்கம். இங்கே இருப்பது ஊருக்கு வெளியே உள்ள அந்தச் சின்ன ஓடுதளம் ஒன்றுதான். எப்போதாவது ஒரு பணக்காரர் வந்து இறங்குவார், ஆடு மேய்க்கிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"இப்படியே வெச்சிருந்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன். "ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாதும்மா" என்றார்.

உன்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று அத்தான் சொல்லியிருக்கிறார். "நம்ம தரகர் பொழப்பே ஊரானுக்குப் பல்லைக் காட்டுறது. நமக்காக வேற ஒரு தடவை காட்டணுமா?" என்கிறார். அவர் கேட்க மாட்டார். நான் கேட்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் விமானம் பிடித்துக் கொடுக்கிறாயே, எங்களுக்கு ஒன்று கிடைக்குமா?

அக்கா


மார்ச் 7

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்தேன். படிக்கும்போதே போன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்று முறை அடித்து நின்றது. பெருமைக்காக எழுதவில்லை, நீ நம்பவேண்டும் என்று எழுதுகிறேன்.

அத்தான் சொல்கிற தரகர் பட்டம் எனக்குப் பொருத்தம்தான். என் கார்டில் 'ஆலோசகர்' என்று அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லை. விமானம் கம்பெனிக்காரர்களுடையது, பணம் கிளையண்டுடையது, நடுவில் என்னிடம் இருப்பது பழக்கம் மட்டும்தான். யாருக்கு ஏசி காற்று முகத்தில் அடிக்கக் கூடாது, யாருடைய மகளுக்குப் பரீட்சை, எந்த இரண்டு அண்ணன் தம்பிகளை ஒரே விமானத்தில் ஏற்றக் கூடாது, இதையெல்லாம் மனதில் வைத்திருப்பதுதான் வேலை. கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கவேண்டும். இல்லையென்றால் எடுக்கிறவன் ஒருவன் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறான். அன்று உன்னை வராந்தாவில் நிறுத்தியதற்கு இது சமாதானம் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

நோயாளிகளுக்கென்றே தனியாக விமானம் இருக்கிறது. விசாரித்தேன். உன் வீடு, தையல் கடை, என் பெயரில் உள்ளது எல்லாவற்றையும் சேர்த்து விற்றாலும் எட்டாது. அதுவும் பெரிய விமானம், உங்கள் ஓடுதளத்தில் இறங்க முடியாது. அதை விட்டுவிடலாம்.

வேறு ஒரு வழி இருக்கிறது. எங்கள் தொழிலில் விமானம் ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும். ஒரு ஆள்கூட இல்லாமல், பைலட்டுகள் மட்டும். அந்தத் திரும்பும் பயணம் விமானக் கம்பெனியின் பொறுப்பு. கிளையண்டுக்கு அதில் சம்பந்தம் இல்லை. எனக்கு ஒரு கிளையண்ட் இருக்கிறார், நாங்கள் எல்லாரும் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். அவருடைய மனைவி பிறந்த வீடு உங்கள் ஊரில்தான், ஏரிக்கரைப் பக்கம். அந்த அம்மா தவறிவிட்டார்கள். வருஷத்தில் ஒரு முறை போய் அந்த வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வருவார். உங்கள் ஓடுதளம் குட்டை, அதில் இறங்கக்கூடிய சின்ன விமானத்தில்தான் அவரை அனுப்புவேன். இந்த மாதம் போகிறார். அவரை இறக்கிவிட்டு விமானம் காலியாக எங்கள் ஊருக்குத் திரும்பும்.

கம்பெனிக்காரரிடம் பேசினேன். எனக்குக் கடமைப்பட்ட மனுஷர் அவர், அத்தனை வியாபாரம் கொடுத்திருக்கிறேன். "ஸ்ட்ரெச்சர் வெக்கிறதுக்கு ரெண்டு சீட்டைக் கழட்டணும், டாக்டர் ஒருத்தர் கூட வரணும், அவ்வளவுதானே? கொண்டு வாங்க சார்" என்றார். பணம் வேண்டாம் என்கிறார்.

அத்தானிடம் சொல். பல்லைக் காட்டவில்லை, உரிமையோடு கேட்டேன் என்று சொல்.

தம்பி


மார்ச் 10

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரரும் கேட்டார். காலியாகத் திரும்பும் என்ற இடத்தில் அத்தான் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"காலியாவா? ஒரு ஆள்கூட ஏத்தாமயா?"

"ஆமாங்க, அப்படித்தான் எழுதியிருக்கான்."

"அத்தனை டீசலை ஊத்திக்கிட்டா?"

"விமானத்துக்கு டீசல் இல்லையாம், வேற ஏதோ."

"எதையோ ஊத்தட்டும். நான் டெப்போவுக்குத் திரும்புற டிரிப்ல ரெண்டு ஆளைக் குறைச்சு ஏத்தினாலே செக்கிங்காரன் மெமோ குடுப்பான். இவனுங்களுக்கு மெமோ குடுக்க ஆள் இல்லையா?"

மூச்சு வாங்கியது. பெரிய நர்ஸ் வந்து பேசக் கூடாது என்று அதட்டிவிட்டுப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும், "காலி வண்டி ஓட்டுறது எனக்குப் பிடிக்காது, நான் ஏறிக்கிறேன்னு உன் தம்பிக்கு எழுது" என்றார். அவர் பஸ் ஓட்டின காலம் முழுக்க, ஓடிவருகிற ஒருவரைக்கூட விட்டுவிட்டு வண்டியை எடுத்ததில்லை. அதற்காகத் தாமதமானதற்கும் மெமோ வாங்கியிருக்கிறார். உனக்குத்தான் தெரியுமே, நீ காலேஜுக்குப் போகும்போது எத்தனை நாள் உனக்காக வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

தம்பி, நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே, உண்மையைச் சொல்கிறேன். போனில் 'பார்க்கிறேன்கா' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன்.

ஸ்ட்ரெச்சரின் நீள அகலம் கேட்டு அனுப்பு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கெட்டித் துணி மீதம் இருக்கிறது. அதில் மெத்தை உறையும், ஆக்ஸிஜன் குழாய், எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் வைக்கிற மாதிரி பக்கவாட்டில் பைகளும் வைத்துத் தைக்கப்போகிறேன். கடையில் பாதி தைத்த சட்டைகள் கிடக்கின்றன. கிடக்கட்டும்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

தேதி 22. அதை மெசேஜில் அனுப்பிவிட்டேன், அளவுகளையும் அனுப்பிவிட்டேன். பெரியவர் காலையில் இங்கே ஏறுவார். மதியத்துக்கு முன் உங்கள் ஊரில் இறங்குவார். அவருடைய கார் அவரை ஏற்றிக்கொண்டு போனதும் ஆம்புலன்ஸ் ஓடுதளத்துக்குள்ளேயே வரலாம், அனுமதி வாங்கிவிட்டேன். உங்கள் டாக்டர் தன்னுடைய ஜூனியரை உடன் அனுப்புகிறேன் என்றார். இங்கே கட்டில் தயார். சர்ஜன் மறுநாளே பார்த்துவிடுவார்.

பெரியவருக்கு இது எதுவும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கிளையண்டிடம் உன் கஷ்டத்தைச் சொல்லாதே, எதையும் கேட்காதே என்பதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம். ஒரு முறை கேட்டுவிட்டால், அடுத்த முறை நம் பெயர் போனில் வரும்போதே, இவனுக்கு என்ன வேண்டுமோ என்று யோசிப்பார்கள். அதனால் கம்பெனிக்காரரோடு முடித்துக்கொண்டேன்.

பெரியவர் நல்லவர். ஒரு விசித்திரம் மட்டும் உண்டு. அவருக்கு விமானம் என்றால் பயம். வெளியே யாருக்கும் தெரியாது. ஏறுவதற்கு முன் என்னோடு போனில் பேசவேண்டும். காற்று எப்படி இருக்கிறது, பைலட் யார், எப்போது லேசாக ஆடும், எல்லாவற்றையும் நான் நிதானமாகச் சொல்லவேண்டும். சொல்லி முடித்து, "தைரியமா போய்ட்டு வாங்க" என்றால்தான் படியில் கால் வைப்பார். ஒரு முறை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆபீஸில் வேறு ஒருவரைப் பேசவைத்தோம். பெரியவர் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனாலும் எதையோ மறந்த மாதிரி திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

உறை தைத்தாயிற்று. அத்தான் தனக்கு ஷேவ் பண்ணிவிடச் சொல்லியிருக்கிறார், 22ஆம் தேதி காலையில். "விமானத்துல போறவன் தாடியோட போகலாமா?" என்கிறார். கால் வீக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. அன்றைக்குள் போய்விட்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார்.

அந்தப் பெரியவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவேண்டும் என்று அத்தான் ஆசைப்படுகிறார். அவருக்குத் தெரியவே கூடாது என்று சொன்னேன். "அப்போ மனசுக்குள்ளேயே சொல்லிக்கிறேன்" என்றார்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

22ஆம் தேதி இல்லை என்று நேற்று மெசேஜில் ஒரு வரி அனுப்பினேன். நீ பதில் அனுப்பவில்லை. என்ன நடந்தது என்று எழுதுகிறேன்.

நேற்று காலை பயண விவரம் சொல்ல பெரியவருக்கு போன் செய்தேன். வழக்கம்போல எல்லாம் சொன்னேன். முடித்ததும் அவர், "என்னப்பா, குரல் சரியில்லையே?" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க, தூக்கம் கொஞ்சம் கம்மி."

"என்கிட்ட மறைக்காதே. நான் உன் மூஞ்சியைப் பார்க்கிறதில்லை. குரலைத்தானே பார்க்கிறேன்."

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை அக்கா. அத்தானுக்கு இதயத்தில் கோளாறு, உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நீ தனியாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று சொன்னேன். திரும்பும் விமானத்தைப் பற்றி வாய்வரை வந்தது. அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அடப்பாவி, இதை வெச்சுக்கிட்டா எனக்குக் காத்து அடிக்கிறதைச் சொல்லிக்கிட்டிருக்கே? முதல்ல லீவு போட்டுட்டு அவங்ககூடப் போய் இரு. எனக்கு இப்போ போகவேண்டாம். உன்னை அங்க அனுப்பாம, இங்க உட்கார்ந்து என்கூடப் பேசுன்னு சொன்னா நான் மனுஷனா? அடுத்த மாசம் போய்க்கிறேன். வீடு எங்கயும் ஓடிப்போகாது."

அந்த நிமிஷம் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? 'ஐயா, நீங்க போனாத்தான் என் அத்தான் வர முடியும்.' அவ்வளவுதான். நாலு வார்த்தை. என் வாயில் வந்தது, "ரொம்ப நன்றிங்க" என்பது. இத்தனை வருஷமாக அவர் எது சொன்னாலும் முதலில் நான் சொல்வது அதுதான். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

சுதாரித்துத் திரும்பக் கூப்பிட்டேன். அவருடைய செக்ரட்டரி அம்மா எடுத்தார். "ஐயா கண்டிப்பா சொல்லிட்டாங்க சார். இந்த வாரம் உங்களை யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதாம். கம்பெனிக்கும் நானே பேசி கேன்சல் பண்ணிட்டேன், உங்களுக்கு அந்த வேலையும் வேண்டாம்னு." அத்தனை அன்பாகச் சொன்னார்.

கம்பெனிக்காரருக்குப் போட்டேன். அந்தத் தேதிகளுக்காக வேறு ஒருவர் காத்துக்கொண்டிருந்தாராம். கேன்சல் என்றதும் விமானத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார். வெளிநாடு போகிறது, மாதக் கடைசி வரை வராது. "நீங்களே கேன்சல் பண்ணச் சொன்னதா நினைச்சேன் சார்" என்று அவரும் புலம்பினார். உங்கள் ஓடுதளத்தில் இறங்கக்கூடியது எங்கள் பக்கத்தில் இன்னொன்றுதான் இருக்கிறது. அதன் இன்ஜினைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த எல்லாரையும் கூப்பிட்டேன். எதிரியாக நினைக்கிறவர்களைக்கூடக் கூப்பிட்டேன். பெரிய விமானங்கள் எத்தனையோ சும்மா நிற்கின்றன. ஒன்றாலும் அங்கே இறங்க முடியாது. மாதக் கடைசியில் அந்த விமானம் வந்ததும் முதல் வேலையாக அனுப்புகிறேன் என்று கம்பெனிக்காரர் சத்தியம் செய்கிறார். அதுவரை அத்தான் தாங்குவாரா என்று டாக்டரைக் கேட்டுச் சொல்.

தம்பி


மார்ச் 20

ரொம்ப நன்றிங்க.

இந்த வார்த்தையைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் உன் வீட்டில் கொள்ளி வைத்தாலும் நீ அதைத்தான் சொல்வாய்.

அத்தானிடம் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. விமானம் ரிப்பேர் என்று சொன்னேன். "வண்டின்னா பிரேக்டவுன் ஆகத்தான் செய்யும், இதுக்கா முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். மூச்சை இழுத்து இழுத்து எனக்கு ஆறுதல் சொல்கிறார். நான் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

டாக்டரைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார். நல்ல சேதி இருந்தால் டாக்டர்கள் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டார்கள்.

உன் பெரியவருக்குப் பணம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அவர் நினைத்தால் எங்கிருந்தாவது ஒரு விமானத்தை இழுத்துக்கொண்டு வரமாட்டாரா? நேரில் போ. வாயைத் திறந்து கேள். உனக்கு வேலை பெரிதா, இவர் பெரிதா என்று நான் கேட்க மாட்டேன். அதை நீயே கேட்டுக்கொள்.


மார்ச் 22

அக்கா,

நேற்று போனேன். வாசலில் வெகுநேரம் நின்றேன். செக்ரட்டரி அம்மா திட்டுவது போலப் பார்த்தார், லீவு கொடுத்தவன் ஏன் வந்து நிற்கிறேன் என்று. பிறகு பெரியவரே மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். அவர் படி இறங்குவதே கஷ்டம், முட்டி வலி.

"இன்னும் கிளம்பலையா நீ?" என்று என் கையைப் பிடித்துச் சோபாவில் உட்காரவைத்தார். சொல்லத்தான் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் தன் மனைவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவர் ஒரு ஒப்பந்தத்துக்காகப் பறந்துகொண்டிருந்தாராம். விமானம் இறங்கியபோது முடிந்துபோயிருந்ததாம். விமானத்தில் அவருக்கு வரும் பயம் காற்றுக்கும் ஆட்டத்துக்கும் அல்ல. இறங்கும்போது என்ன சேதி காத்திருக்குமோ என்ற பயம். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. நான் அவருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எனக்கு அந்த ஒரு வாரத்தை யாரும் குடுக்கலப்பா. உனக்காவது நான் குடுத்தேனே" என்றார். அழுதார். வயதான மனுஷர் என் தோளில் சாய்ந்து அழுதார்.

இருந்தும் நான் கேட்டேன். விஷயத்தைச் சொல்லாமல், வேறு ஒருவருக்காகக் கேட்பது போல, அந்த ஓடுதளத்தில் இறங்கக்கூடிய விமானம் உங்கள் நண்பர்கள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். எனக்கு எதிரிலேயே நாலு பேருக்கு போன் போட்டார். இல்லை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது அக்கா? விமானம் வரப்போவதில்லை. உங்கள் நல்ல மனசுதான் எங்களைக் கெடுத்தது என்று அவர் தலையில் போட்டுவிட்டு நான் எப்படி எழுந்து வருவது? நீ என்னைக் கோழை என்பாய். வேலைக்குப் பயந்தேன் என்பாய். அப்படியே வைத்துக்கொள்.

மலைக்கு அந்தப் பக்கம் வரை விமானம், அங்கிருந்து பஸ். இன்று கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடாமல் கையிலேயே கொண்டுவருகிறேன். நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. படித்துவிட்டு வராந்தாவுக்கு வா. நான் அந்தக் கை கழுவும் படத்துக்குப் பக்கத்தில் நிற்பேன்.

தம்பி


ஏப்ரல் 12

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டேன். அறையைத் திறந்ததும் புழுக்க வாடை. பையிலிருந்து அத்தானின் டிரைவர் சட்டையை எடுத்து மாட்டிவைத்தேன். நீ கொடுத்தபோது வேண்டாம் என்றேன், இப்போது கொண்டுவந்தது நல்லது என்று தோன்றுகிறது.

அவரோடு இருந்த நாட்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நான் ஷேவ் பண்ணிவிட்டபோது, "தரகரே, கத்தி என்கிட்ட இல்லை, உன் கையில இருக்கு, நிதானமா ஓட்டு" என்றாரே. போன் அடிக்கும்போதெல்லாம் அவரே, "எடுடா, பாவம், வண்டிக்கு நிக்கிறாங்க" என்றார். ஒரு முறைகூட விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ரிப்பேர் என்பதை அவர் நம்பினாரா, நம்பியதாகக் காட்டிக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

மாதக் கடைசியில் விமானம் தயார் என்று கம்பெனிக்காரர் போன் செய்தபோது நாம் சுடுகாட்டில் எல்லாம் முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். அவரிடமும் நான் நன்றி சொன்னேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

இனி ஒரு விஷயம். பெரியவர் நாளை மறுநாள் உங்கள் ஊருக்கு வருகிறார். அதே விமானம். நான்தான் ஏற்றிவிடவேண்டும். அவர் உன்னை நேரில் பார்த்துத் துக்கம் கேட்கவேண்டும் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அவரிடம் நீ என்ன சொல்ல நினைத்தாலும் சொல், எல்லாவற்றையும் சொன்னாலும் சரி. என் வேலை போனால் போகட்டும். நான் சொல்லாததை நீ சொல்லக் கூடாது என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

விமானம் காலியாகத் திரும்பும். உனக்கு விருப்பமிருந்தால் அதில் ஏறி வந்து கொஞ்ச நாள் என்னோடு இரு. வரமாட்டாய் என்று தெரியும். கேட்கவேண்டும் என்று கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

அவர் வந்தார். வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன், கடைக்கு வந்துவிட்டார். நான் ஒரு பழைய சட்டையின் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தேன். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். கடையில் நாற்காலி இல்லை. வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.

என்ன சொல்வது என்று முதல் நாளே முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிடுவது என்று. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

அவர் சுவரில் இருந்த அத்தானின் படத்தைப் பார்த்தார். டிரைவர் சட்டையில் எடுத்த படம். "பஸ் ஓட்டினாரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்" என்றார். பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு, "என்னால பெரிசா எதுவும் செய்ய முடியலம்மா. உன் தம்பியை அந்த வாரம் உங்களுக்குன்னு விட்டுக்குடுத்தேன். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது. கடைசியில அவர் பக்கத்துல உன் தம்பி இருந்தானாமே. அதை நினைச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வருது" என்றார்.

நான் வாயைத் திறந்தேன் தம்பி. "ரொம்ப நன்றிங்க" என்றேன்.

எனக்கும் அதுதான் வந்தது. எனக்கு அவர் கிளையண்டும் இல்லை, அவர் போன் செய்து எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? உனக்கு நான் எழுதிய அந்த மார்ச் மாதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. கொள்ளி என்று எழுதியிருக்கிறேன். எழுதியிருக்கக் கூடாது.

அவரிடம் எப்போதும் சொல்லிவிடாதே. எனக்காக இல்லை, அவர் தூங்கட்டும். அவர் அடுத்த முறை ஏறும்போது காற்றைப் பற்றிச் சொல்லாதே. அந்தப் பக்கம் யார் இறக்கிக்கொள்ள வந்து நிற்கிறார்கள், வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்.

விமானத்தில் நான் வரவில்லை. தைக்கவேண்டிய யூனிஃபார்ம் குவிந்து கிடக்கிறது. அந்த மெத்தை உறையைப் பெரிய நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். யாருக்காவது ஆகட்டும் என்றாள். திரும்பிப் போகும்போது விமானம் கடைக்கு மேலேதான் போனது. காலியாகத்தான் போயிருக்கும். அத்தான் இருந்திருந்தால் திட்டியிருப்பார்.

ரிப்பேர் என்று நான் சொன்னதை அவர் நம்பினாரா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடிதம் போதும். எழுதுகிற நேரத்தில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, எனக்கு அது ஆகவில்லை. போன் பண்ணு. நடுவில் யாராவது கூப்பிட்டால் எடு. நான் லைனிலேயே இருக்கிறேன்.

அக்கா